ஸ்கேனர் தணிகா

வீல்சேர் கேட்டு வருகிறவர்களின் முகத்தைத் தணிகாசலம் பார்க்க மாட்டார். செருப்பைத்தான் பார்ப்பார். நடக்கவே முடியாதவரின் செருப்பு எத்தனை மாசம் போட்டாலும் அடியில் புதுசாகவே இருக்கும். குதிகால் பக்கம் தேய்ந்திருந்தால் ஆள் புளுகுகிறார் என்று அர்த்தம். சென்னை விமான நிலையத்தில் வீல்சேர் தள்ளும் வேலைக்கு வந்த பிறகு அவராகவே கண்டுபிடித்து வைத்துக்கொண்ட கணக்கு இது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு வீல்சேர் கேட்கிறவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். பாஷை தெரியாத ஊரில் மகன் வீட்டுக்குப் போகும் அம்மாக்கள், கூட ஒரு ஆள் வந்தால் வழி தவறாதே என்று கேட்பார்கள். போகும்போது கால் தரையில் படாமல் உட்கார்ந்துபோன ஒரு பெரிய மனிதர், திரும்பி வந்தபோது பெல்ட்டில் தன் பெட்டி நகர்ந்து போவதைக் கண்டு நாற்காலியிலிருந்து குதித்து ஓடியதைத் தணிகாசலம் கண்ணால் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் அவர் யாரையும் சும்மா உட்கார வைப்பதில்லை. தலை முதல் கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நாற்காலியின் பிரேக்கை எடுப்பார். கூட வேலை பார்க்கும் ஷரீஃப் இதைப் பார்த்துவிட்டு 'ஸ்கேனர்' என்று பேர் வைத்தார். பேர் ஒட்டிக்கொண்டது. தணிகாசலத்துக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் அவருடைய சந்தேகம் விமான நிலையத்தில் பிறந்ததில்லை. அது ஆற்றங்கரையில் பிறந்தது. கோட்டூர்புரம் பக்கம் அடையாற்றை ஒட்டியிருந்த குடிசைகளில் ஒன்றில்தான் அவர் வளர்ந்தார், கல்யாணம் செய்தார். வெள்ளம் வந்து வடிந்த பிறகு, சட்டையில் பேட்ஜ் குத்திய சிலர் வந்து பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். எல்லாருக்கும் டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். சும்மா கணக்கெடுக்கத்தான் வந்திருக்கிறோம், யாரும் பயப்பட வேண்டாம் என்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள். சமோசா நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் லாரி வந்தது. கட்டில், பீரோ, கிரைண்டரோடு எல்லாரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். மனைவி முத்தம்மா அடையாறில் வேலை செய்துகொண்டிருந்த வீடுகள் எல்லாம் ஒரே வாரத்தில் கைவிட்டுப் போயின. பிறகு விமான நிலைய வேலை கிடைத்து, அதற்குப் பக்கம் என்று ஆதம்பாக்கத்தில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். இருந்தாலும், யாராவது கூட்டி உட்காரவைத்து டீ கொடுத்து நல்ல வார்த்தை பேசினால் தணிகாசலம் இன்றைக்கும் முதலில் வெளியே போகும் வழி எங்கே என்றுதான் பார்ப்பார்.

அதனால்தான் கம்பெனியில் பயிற்சி வகுப்பு என்று சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. வீல்சேர் ஆட்களை வேலைக்கு வைத்திருந்தது விமான நிலையம் இல்லை, ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. மாற்றுத்திறனாளிப் பயணிகளை எப்படிக் கவனிப்பது என்று எல்லாருக்கும் வகுப்பு எடுக்கப் போவதாக சூப்பர்வைசர் கணேசமூர்த்தி சொல்லியிருந்தார்.

"இத்தினி வருசமா நாங்க இன்னா பண்ணிக்கினு இருந்தோமாம்?" என்றார் தணிகாசலம் வீட்டில்.

முத்தம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "போய்த்தான் பாரேன். சும்மாதானே சொல்லித் தராங்க."

"அதான் இடிக்குது. சும்மா எவன் சொல்லித் தருவான்? யாரை வச்சிக்கலாம், யாரைக் கழட்டி வுடலாம்னு பாக்கறதுக்குத்தான் இது."

வகுப்பு ஈக்காட்டுத்தாங்கலில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில் ஏற்பாடாகியிருந்தது. ஒரு கார் வந்து நின்றது. டிரைவர் பின்னாலிருந்து வீல்சேரை எடுத்து விரித்தார். கதவைப் பிடித்து உடம்பைத் திருப்பி அதில் இறங்கி உட்கார்ந்தார் ஒரு அம்மா. நாற்பதைத் தொட்டிருப்பார். கைத்தறிப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. வகுப்பு எடுக்க வந்தவர் அவர்தான், பேர் சுந்தரவல்லி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம் என்று ஷரீஃப் எங்கேயோ கேட்டு வந்து சொன்னார்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கணேசமூர்த்தி பரபரத்தார். "நாலு பேர் வாங்கப்பா. மேடத்தை அப்படியே சேரோட தூக்கிடலாம்."

ஆட்கள் நெருங்கினார்கள். ஒருவர் குனிந்து சக்கரத்தில் கை வைத்துவிட்டார்.

"யாரும் தொடாதீங்க" என்றார் சுந்தரவல்லி. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாக் கைகளும் பின்னால் போயின. "வகுப்பை இங்கேயே வச்சுக்கலாம். நாற்காலிகளைக் கீழே கொண்டாரச் சொல்லுங்க."

பைக்குகள் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. பக்கத்துப் பட்டறையில் இரும்பு கடையும் சத்தத்துக்கு நடுவே வகுப்பு ஆரம்பித்தது. தணிகாசலம் கடைசி வரிசையில், வெளியே போகும் வழியை ஒட்டி உட்கார்ந்தார். மாடியில் ஹால், லிஃப்ட் இல்லை, இதெல்லாம் இந்தம்மாவுக்கு முன்கூட்டியே தெரியாமலா இருக்கும்? எல்லாரும் பார்க்கட்டும் என்று செய்த செட்டப் என்று பட்டது அவருக்கு. அப்புறம் வழக்கம்போல் அவர் கண் கீழே போனது. மிதிகட்டையில் இருந்த செருப்பு தோல் செருப்பு. இரண்டிலும் குதிகால் தேய்ந்திருந்தது.

ஷரீஃபின் தொடையைத் தட்டிக் காட்டினார். ஷரீஃப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

சுந்தரவல்லி பேசியது அவர்கள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. பாவம், ஐயோ என்றெல்லாம் சொல்லவில்லை. கேட்காமல் யார் நாற்காலியையும் தள்ளக் கூடாது, அது அவர்கள் உடம்பில் ஒரு பாகம் மாதிரி என்றார். கூட வந்தவரிடம் 'இவங்களுக்கு இன்னா வேணும்' என்று கேட்காமல் பயணியிடமே கேளுங்கள் என்றார். பார்வை இல்லாதவரின் கையைப் பிடித்து இழுக்காமல், நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள் என்றார். கணேசமூர்த்தி ஒரு பை நிறையக் கறுப்புத் துணி வாங்கி வந்திருந்தார். எல்லார் கண்ணையும் கட்டி நடக்கவிட்டுப் போட்டோ எடுத்தால் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்பது அவர் திட்டம்.

"வேண்டாம் சார். கண்ணைக் கட்டினா பயம்தான் தெரியும். பார்வையில்லாதவங்க பயந்துகிட்டா வாழுதாங்க?" என்றார் சுந்தரவல்லி. அழுத்திப் பேசும்போது மட்டும் தெற்கத்திப் பேச்சு எட்டிப் பார்த்தது.

பிறகு, உங்கள் வேலையில் எது கஷ்டம் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஷரீஃப் எழுந்து, "டூப்ளிகேட் ஆளுங்கதான் மேடம். நல்லா நடக்கறவங்க வந்து குந்திக்கிறாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

சுந்தரவல்லி சிரிக்கவில்லை. "இருக்காங்க. ஆனா அதைக் கண்டுபிடிக்கிற வேலையை உங்களுக்கு யாரும் கொடுக்கலை." சொல்லும்போது அவர் கண் கடைசி வரிசைக்கு வந்து நின்றது. தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. எவனோ நம்மைப் பற்றிப் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை ஒவ்வொருத்தன் முகமாக யோசித்துப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்தம்மாவின் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க இரண்டு பேரும் தி.நகர் போனார்கள். ரங்கநாதன் தெருவில் கூட்டம் தள்ளித் தள்ளி, உஸ்மான் சாலைப் பக்கம் ஒரு சந்தில் இருந்த நடுத்தரக் கடைக்குள் கொண்டுபோய் விட்டது. முத்தம்மா மேஜைமேல் விரித்த புடவையின் முந்தானையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் தற்செயலாகத் தலையைத் தூக்கினார். கடையின் உள்பக்கம், அலமாரி முன்னால், சுந்தரவல்லி நின்றுகொண்டிருந்தார். வீல்சேர் கண்ணில் படவில்லை. எம்பி ஒரு புடவையை உருவி எடுத்து, மேஜை விளிம்பைப் பிடித்தபடி நடந்துபோய் ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்தார். ஏதோ சொல்லிச் சிரித்தார். திரும்பியும் நடந்து வந்தார்.

தணிகாசலம் முத்தம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார்.

"இன்னா நீ, பொடவை எடுக்கல?"

"அந்தம்மா நடக்குது."

"எந்தம்மா?"

"ட்ரெய்னிங் அம்மா. வீல்சேர்ல குந்திக்கினு நமக்குப் பாடம் எடுத்துச்சே. இங்க ஜோரா நடந்துக்கினு கீது."

"நடந்தா நடந்துட்டுப் போட்டும். அதுக்கு நான் ஏன் பொடவை எடுக்கக் கூடாது?" என்றாள் முத்தம்மா. அவளுக்கு அந்தக் கோபம் வெகுநேரம் ஆறவில்லை.

மறுநாள் தணிகாசலம் ஷரீஃபிடம் சொன்னார். டூட்டி முடிவதற்குள் அது விமான நிலையம் முழுக்கப் போய்விட்டது. கம்பெனி நடிகை ஒருத்தியைக் கூலிக்குப் பிடித்து வந்திருக்கிறது, யார் என்ன பேசுகிறார்கள் என்று வேவு பார்க்கிறது என்ற அளவுக்கு அது வளர்ந்தது. இரண்டாவது வகுப்பில் தணிகாசலம் கையைத் தூக்கினார்.

"ஒரு டவுட்டு மேடம். ஞாயித்துக்கெழம உங்களை தி.நகர் கடையில பாத்தேன். நின்னுக்கினு இருந்தீங்க."

கணேசமூர்த்தி தணிகாசலத்தை முறைத்தார். ஆனால் அவரும் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"ஆமா, நின்னேன். நடக்கவும் செஞ்சேன்" என்றார் சுந்தரவல்லி. "எனக்கு இருக்கிறது நரம்பு நோய். சில நாள் கால் சொன்ன பேச்சு கேக்கும், சில நாள் கேக்காது. காலையில கட்டிலைவிட்டு எறங்கும்போதுதான் எனக்கே தெரியும். நீங்க பாத்தது நல்ல நாள். அதுக்கு மறுநாள் பாத்ரூமுக்குக்கூட என் தங்கச்சிதான் தூக்கிட்டுப் போனா." "நடக்கிறதைப் பாத்துட்டா, அப்புறம் முடியலைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. அதனாலயே நல்ல நாள்லகூட வெளியே எந்திரிச்சு நிக்க யோசிக்கேன்."

முன் வரிசைக்காரர்கள் தலையாட்டினார்கள். தணிகாசலம் ஆட்டவில்லை. நல்லா பேசுது என்று மட்டும் நினைத்தார். அவர் பார்த்த சமோசாக்காரர்களும் நன்றாகத்தான் பேசினார்கள். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது கணேசமூர்த்தி அவர் தோளில் தட்டி, "ஸ்கேனர், உன் மெஷின் ரிப்பேர் ஆகல போல" என்று கண்ணடித்தார். அன்றிலிருந்து ஸ்டாஃப் மத்தியில் அந்தம்மாவுக்கு 'நடக்கும் மேடம்' என்று பேர் நிலைத்துவிட்டது.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் தூறலில் தணிகாசலம், வந்திறங்கிய ஒரு வயதான அம்மாவை விமானத்திலிருந்து வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தார். ஷரீஃப் குடை பிடித்துக் கூடவே வந்தார். பக்கத்தில் தூத்துக்குடி போகும் சின்ன விமானம் நின்றிருந்தது. கதவே மடிந்து படியாக இறங்கும் வகை. அதன் அடியில், விமான நிலைய வீல்சேரில் சுந்தரவல்லி தனியாக உட்கார்ந்திருந்தார். கணேசமூர்த்தி அவர் முன்னால் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்தப் படிமேல் வைத்து நாற்காலியை ஏற்றும் சாய்தளம் அங்கே இல்லை. தள்ளி வேறொரு விமானத்தின் பக்கம் நின்றது.

"ஏற்கெனவே லேட்டு மேடம். ராம்ப் வர்றதுக்கு டைம் ஆகும். கொஞ்சம் படிதான்" என்பது காற்றில் கேட்டது.

"இன்னைக்கு என்னால முடியாது சார்."

"ட்ரை பண்ணுங்க மேடம். நீங்கதான் நடப்பீங்களே. எங்க பசங்களே பாத்திருக்காங்க."

தணிகாசலம் தள்ளிக்கொண்டிருந்த நாற்காலியை நிறுத்தினார்.

"எங்க பெரியப்பா இறந்துட்டாங்க. நான் போறவரைக்கும்தான் உடம்பை வச்சிருப்பாங்க. ராம்ப் கொண்டாங்க" என்றார் சுந்தரவல்லி.

கணேசமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு படிக்கு மேலே நின்ற பணிப்பெண்ணைப் பார்த்துக் கையை விரித்தார். விமானத்தின் ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன.

சுந்தரவல்லி நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி, உடம்பை நகர்த்தி, முதல் படியில் போய் உட்கார்ந்தார். முதுகு விமானத்தின் பக்கம், முகம் இவர்கள் பக்கம். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படியில் உட்கார்ந்தார். கால்கள் பின்னாலேயே வந்தன. அவை மடங்கவில்லை. மூட்டை இழுபடுகிற மாதிரி படியில் இடித்து இடித்து வந்தன. ஒரு செருப்பு கழன்று கீழே ஈரத்தில் விழுந்தது. அதை அவர் உணரவே இல்லை என்று தணிகாசலத்துக்குத் தெரிந்தது. செருப்பு போன கால், படி விளிம்பில் உரசியும் விலகவில்லை.

அந்தக் காலைப் பார்த்த பிறகு அவரிடம் கேள்வி எதுவும் மிச்சமில்லை. வயதான அம்மாவை ஷரீஃபிடம் விட்டுவிட்டு ஓடினார். சாய்தளத்தின் சக்கரத் தடையை எட்டி உதைத்து, அங்கே நின்ற, பெட்டி ஏற்றும் லோடர் ஒருவரையும் கூட்டி, இரண்டு பேருமாக மழையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வந்து சேர்ந்தபோது சுந்தரவல்லி பாதிப் படி ஏறியிருந்தார். புடவை முழுக்கச் சேறும் ஈரமும்.

"மேடம், நில்லுங்க. ராம்ப் வந்துடுச்சி. கீழ எறங்குனா மாட்டிடலாம்."

சுந்தரவல்லிக்கு மூச்சு வாங்கியது. "கடையில என்னைப் பாத்தது நீங்கதானே?"

"ஆமாங்க. நான்தான் எல்லாருகிட்டயும் சொல்லிக்கினு திரிஞ்சேன்."

"அப்ப நல்லா பாத்துக்கிடுங்க" என்றார். ஏறிய படிகளில் திரும்ப இறங்க அவர் தயாராக இல்லை. கையை ஊன்றி அடுத்த படிக்குப் போனார். தணிகாசலம் ஈரத்தில் கிடந்த செருப்பை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துப் பணிப்பெண்ணிடம் நீட்டினார். கதவு மூடியது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த யாரோ அவர் படியேறியதைப் போனில் எடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டே நாளில் அது ஊரெல்லாம் சுற்றியது. கம்பெனி விசாரணை வைத்தது. அதற்கு முன்னால் கணேசமூர்த்தி தணிகாசலத்தைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ராம்ப் வருதுன்னு நாம சொன்னோம். அந்தம்மா கேக்காம தானா எறங்கி ஏறிடுச்சு. அவ்ளோதான் நீ சொல்லணும். ராம்ப் கொண்டாந்ததே நீதானே, உனக்கும் நல்ல பேருதான்" என்று சிரித்தார். டீயோடு ஒரு சமோசாவும் வாங்கி அவர் முன்னால் வைத்தார்.

தணிகாசலம் சமோசாவைத் தொடவில்லை. சிரித்த முகத்தை எதற்காகச் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்கு ஒருத்தரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை நாள் அந்தச் சந்தேகத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் செலவழித்துவிட்டோமே என்பதுதான் அவரை அறுத்தது. விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொன்னார். முதலில் கதையைக் கிளப்பிவிட்டது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கணேசமூர்த்தியைச் சரக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். தணிகாசலத்தைக் கொஞ்ச நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

"வாயை வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்" என்றாள் முத்தம்மா.

"எப்போ? விசாரணையிலயா?"

"இல்ல. பொடவைக் கடையிலருந்து வந்தியே, அப்போ."



பயிற்சியை விட்டுவிடுவார் என்று எல்லாரும் நினைத்த சுந்தரவல்லி விடவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். வகுப்பு இனிமேல் விமான நிலையத்தில், ஓய்வில் நிற்கும் ஒரு விமானத்தில், நிஜ சாய்தளத்தோடு நடக்க வேண்டும். விமானப் பணிப்பெண்களும் சூப்பர்வைசர்களும் அதில் உட்கார வேண்டும். தணிகாசலத்தைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டபோது முதலில் அந்த வகுப்புக்குத்தான் அனுப்பினார்கள்.

அன்றைக்குச் சாய்தளத்தில் நாற்காலி ஏற்றுவதைப் பழகினார்கள். பிறகு, இருக்கைகளுக்கு நடுவே போகும் ஒடுக்கமான நாற்காலிக்கு ஆளை மாற்றுவது எப்படி என்று காட்ட வேண்டும். யாரையாவது மாதிரிக்கு உட்கார வைப்பார் என்று பார்த்தால், சுந்தரவல்லி தன்னையே மாற்றச் சொன்னார். "கால் பக்கம் ஷரீஃப். பின்பக்கம் நீங்க வாங்க" என்று தணிகாசலத்தைக் காட்டினார்.

தணிகாசலம் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். இத்தனை பேர் இருக்க, என்னை ஏன் கூப்பிடுகிறார்? கை வழுக்கினால் இன்றோடு வேலை போய்விடும். அதற்காகத்தானோ? சந்தேகம் பழைய பழக்கத்தில் தானாகவே எழுந்து வந்தது. ஆனாலும் போய் அவர் பின்னால் நின்றார்.

"மேடம், அன்னிக்கு நடந்ததுக்கு நான்..."

"அது இருக்கட்டும். கையை எங்க வைக்கப் போறீங்க?"

"நீங்க சொல்லுங்க."

"அக்குளுக்கு அடியில விட்டு, என் மணிக்கட்டைப் பிடிங்க. தோளைப் பிடிச்சு இழுக்கக் கூடாது." சொல்லிவிட்டுத் தலையைக் கொஞ்சம் திருப்பினார். "உங்களை நான் இன்னும் நம்பலை. தெரியும்லா?"

"தெரியும் மேடம்."

"சரி. நான் எண்ணுவேன். மூணு சொன்னதும் தூக்குங்க."

எண்ணினார். தூக்கினார்கள். பணிப்பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒடுக்கமான நாற்காலியில் அவர் இறங்கி உட்கார்ந்ததும் ஷரீஃப் கால்களைச் சேர்த்து வைத்துப் பட்டையைப் பூட்டினார். தணிகாசலம் மெதுவாகக் கையை எடுத்தார். சுந்தரவல்லி மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, புடவையைச் சரிசெய்தார்.

"இடது கையில ரொம்ப இறுக்கிட்டீங்க" என்றார். "பழைய நாற்காலிக்கே கொண்டு போங்க. மறுபடியும் செய்யலாம்."

தணிகாசலம் மறுபடி குனிந்து, இடது கையைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, அவர் எண்ணுவதற்காகக் காத்திருந்தார்.